சிறையிலுள்ள ஸ்திரீகளும் யோகாப்பியாசமும்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் 21-ந் தேதி வந்ததும், சிறைச்சாலை முற்றங்களில் பெண் கைதிகள் வரிசையாக அமர்ந்து ஆசனம் போடும் படங்கள் பத்திரிகைகளில் வெளியாகின்றன. அத்தினத்தைச் சர்வதேச யோக தினமாகக் கொண்டாடுவதென்று ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 2014-ம் வருஷம் டிஸம்பரில் தீர்மானித்தது. 2015 முதல் கொண்டாட்டம் நடந்து வருகிறது. படங்களின் அடியில் 'சீர்திருத்தம்', 'மறுவாழ்வு' என்ற சொற்கள் தவறாமல் காணப்படுகின்றன. இச்சொற்கள் அந்த ஸ்திரீகளுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நாம் சற்று நிதானமாக ஆராய விரும்புகிறோம்.

யோகத்தால் பயனில்லை என்று வாதிப்பது நமது நோக்கமன்று. 1975-ம் வருஷத்திலேயே ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் ஸ்ரீ கோயங்கா விபாஸனைத் தியானத்தைக் கற்பித்தார். கிரண் பேடி அம்மையார் டில்லிச் சிறைகளின் தலைமை அதிகாரியாயிருந்த காலத்தில், 1994 ஏப்ரலில், திஹாரில் ஏறக்குறைய ஆயிரம் கைதிகள் பத்து நாள் மௌன விரதம் பூண்டு அதே பயிற்சியைப் பெற்றார்கள். இங்கிலாந்தில் ஏழு சிறைகளில் பத்து வாரம் யோகம் பயின்ற கைதிகளை ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார் பரீக்ஷித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பயின்றவர்களின் மனக்கவலை குறைந்தது என்றும், அவசரப்பட்டுக் காரியம் செய்யாமல் தம்மை அடக்கிக்கொள்ளும் திறன் பயிலாதவர்களைவிட அவர்களுக்கு மேம்பட்டிருந்தது என்றும் அம்முடிவு கூறுகிறது. இவை அலக்ஷியம் செய்யத்தக்க பலன்கள் அல்ல.

எனினும் ஸ்திரீகளைப் பற்றிய ஆராய்ச்சியொன்று நம்மை நின்று யோசிக்கச் செய்கிறது. அமெரிக்காவில் சிறையிலிருந்த பெண்களுக்குப் பன்னிரண்டு வார யோகப் பயிற்சி அளித்து, 2010-ல் அதன் விவரம் பிரசுரிக்கப்பட்டது. முடிவுவரை பயின்றவர்களிடம் மனச்சோர்வும் ஏக்கமும் குறைந்தன. ஆனால் ஆரம்பித்தவர்கள் 21 பேர். முடித்தவர்கள் 6 பேரே. சிறையிலிருப்பவளுடைய பொழுது அவள் வசத்தில் இல்லை. கோர்ட்டுக்கு வா என்றால் போக வேண்டும், வேறு சிறைக்கு மாற்றினாலும் போக வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு யோகம் மட்டுமே புது வாழ்வைத் தந்துவிடும் என்று பேசுவோர் இந்த எண்ணிக்கையை மனத்தில் வைப்பது நலம்.

நம் நாட்டுக் கணக்கு என்ன? 2022 டிஸம்பர் 31-ந் தேதியன்று இந்தியச் சிறைகளில் இருந்த கைதிகள் 5,73,220 பேர். சிறைகளில் இடம் உண்டாயிருந்ததோ 4,36,266 பேருக்கு. கைதிகளில் ஸ்திரீகள் 23,772. மொத்தத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். ஸ்திரீகளிலும் பெரும்பாலோர் நிலைமை அதுவே. அதாவது, குற்றம் ருசுவாகாமலே உள்ளே இருப்பவர்கள். குற்றவாளி என்று எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்லாத ஒருத்தியைச் சீர்திருத்துகிறோம் என்று சிறை இலாகா சொல்வதற்கு நியாயம் ஏது? அவளுக்கு முதலில் வேண்டுவது விசாரணை, அதுவரையில் ஜாமீன்.

அலிப்பூர்ச் சிறையில் ஸ்ரீ அரவிந்தர் 1908 மே முதல் ஓராண்டு இருந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். அவரும் விசாரணைக் கைதியே. அத்தனிமையில் அவர் யோக சாதனை செய்தார். எவரும் வரிசையில் உட்கார வைத்துச் செய்விக்கவில்லை. ஆயினும் 1909-ல் அவருக்கு விடுதலை கிடைத்தது சித்தரஞ்சன தாஸருடைய வாதத் திறமையினால். யோகியாரானாலும் வக்கீல் வேண்டியிருந்தது. பீஹாரிலோ உத்தரப் பிரதேசத்திலோ ஒரு ஜில்லாச் சிறையில் கிடக்கும் கூலிக்காரப் பெண்ணுக்குத் தாஸர் எங்கிருந்து வருவார்?

ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர் 1977-ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பொன்றில், கைதியின் மனம் திருந்தத் தியானம் உதவும் என்று எழுதினார். அவரே 1978-ல் மற்றொரு தீர்ப்பையும் எழுதினார். மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் கொத்தனாரிடம் பதினாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்ட மாஜிஸ்டிரேட், அவருடைய சகோதரரின் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறதென்று அந்த ஜாமீனையும் மறுத்த வழக்கு அது. ஏழையின் விடுதலைக்கு இவ்வளவு பெரிய விலை வைப்பது அநீதி என்று அவர் கண்டித்தார். பெண் கைதிகளைப் பற்றி விசாரித்து 1987-ல் அறிக்கை அளித்த கமிட்டியின் தலைவரும் அவரே. அவர் சொன்ன தியானத்தைச் சிறை அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள். ஜாமீனைப் பற்றிச் சொன்னது புத்தகத்தோடு நின்றது.

சட்டத்தில் வழி இல்லாமற் போகவில்லை. 2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 479-வது பிரிவுப்படி, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றம் முதல் முறையாகச் சாட்டப்பட்டவர், உச்ச தண்டனையில் மூன்றிலொரு பங்கு காலம் சிறையிலிருந்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். கோர்ட்டுக்கு எழுதி அனுப்பும் பொறுப்பு ஜெயில் சூப்பரிண்டெண்டெண்டினுடையது. யோகாசிரியரை வரவழைப்பவரும் அவர்தாமே! ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையில் உதவும் திட்டத்தையும் மத்திய சர்க்கார் 2023-ல் வகுத்தார்கள்.

சிறைக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும். பெண்களுக்கென்றே ஏற்பட்ட சிறைகள் சொற்பம். பலர் ஆண்கள் சிறைக்குள் தடுக்கப்பட்ட சிறு அடைப்பில் இருக்கிறார்கள். 2022-ம் வருஷக் கணக்கில் 1,537 தாய்மார்களுடன் 1,764 குழந்தைகள் சிறையில் இருந்தன. அக்குழந்தைகளை ஆறு வயது வரையில் தாயுடன் வைத்திருக்கலாமென்பது 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த விதி. 2017 ஜூனில் பம்பாய் பைக்குல்லாச் சிறையில், முட்டையும் ரொட்டியும் குறைவதாக முறையிட்ட ஒரு பெண் கைதி அடிபட்டு இறந்ததாக வழக்கு ஏற்பட்டு, பெண் உத்தியோகஸ்தர்கள் அறுவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. வயிற்றுக்குரிய ரொட்டியைக் கேட்கவே அஞ்ச வேண்டிய இடத்தில் பிராணாயாமத்தால் எவ்வளவு சாந்தி விளையும்?

ஆகவே யோகத்தை நிறுத்த வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஒரு நாள் கூத்தாக இல்லாமல் தினந்தோறும் நடக்கட்டும். விரும்பியவள் வரட்டும், வராதவளின் பெயரைக் குறித்து வைக்கலாகாது. கற்பிப்பவர் ஸ்திரீயாயிருக்க வேண்டும். வீட்டிலும் ஸ்டேஷனிலும் அடிபட்ட உடம்புகள் அவை; ஆசனத்தைத் திருத்துகிறேன் என்று அனுமதியின்றித் தொடக்கூடாது. நீண்ட தண்டனை பெற்றவர்களில் தேர்ந்தவர்களுக்கு ஆசிரியப் பயிற்சி அளித்து, வெளியே வந்ததும் அதனால் ஜீவனம் நடத்த வகை செய்தால், அதை மறுவாழ்வு என்று நாமும் சொல்வோம்.

வருகிற ஜூன் 21-ந் தேதி ஒவ்வொரு சிறையிலும் எத்தனை பெண்கள் ஆசனம் போட்டார்கள் என்று அறிக்கை வரும். அதே அறிக்கையில், 479-வது பிரிவின்படி அவர்களுள் எத்தனை பேருக்காகச் சூப்பரிண்டெண்டெண்டு கோர்ட்டுக்கு எழுதினார், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து வெளியிடும்படி ராஜ்ய சர்க்கார்களை நாம் வற்புறுத்துகிறோம். சட்டசபை அங்கத்தினர்கள் இதைக் கேள்வியாகவே கேட்கலாம்.