எழுதி வைக்காத தொழில் யாருக்குச் சொந்தம்?



சிம்போசியம் வந்தால் டி-ஷர்ட். விளையாட்டு விழா வந்தால் டி-ஷர்ட். பிரிவு உபசார விழா என்றால் முதுகில் வகுப்பு முழுவதின் பெயரும் போட்ட டி-ஷர்ட். ஊருக்குப் போனால் அங்கேயும் இதே கதைதான். பொங்கல் கபடிக்கு ஒரு பனியன், திருவிழாவுக்கு இளைஞர் மன்றப் பனியன், தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். 2020 செப்டம்பரில் ‘ஹிந்தி தெரியாது போடா’ என்ற மூன்று வார்த்தை பனியனில் ஏறி நாடு முழுக்கப் பேச்சானது நினைவிருக்கும்.

நினைத்ததை நெஞ்சில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிற தலைமுறை நாம். ஆனால் அந்த அச்சை அடிக்கிறவர் யார், அவருக்குத் தெரிந்தது என்ன, அது எங்காவது எழுதி இருக்கிறதா என்று என்றைக்காவது யோசித்தோமா?

“ஸ்கிரீன் பிரிண்டிங்கா? அதெல்லாம் டிப்ளமோ படிச்சவன் செய்யற வேலையாடா?” என்று கேட்கிற நண்பர்கள் நம்மிடையே உண்டு. என் கருத்து நேர் எதிரானது. படித்தவன் இந்தத் தொழிலை எட்டிப் பார்க்காததால்தான் தொழில் இன்னும் வாய்ப்பேச்சிலேயே ஓடுகிறது. தொழில் தெரிந்தவர் கடைசிவரை கூலியாகவே நிற்கிறார். இதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நான் இயந்திரவியல் மாணவன். ஊர் குமராட்சி. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். கொள்ளிடத்துக்கும் வீராணத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் பக்கத்தில் நெல்தான் பிழைப்பு. தண்ணி வந்தால் வெள்ளம், வராவிட்டால் காய்ச்சல் என்று இருக்கிற பிழைப்பு. என் பெரியப்பா மகன் பதினோரு வருஷத்துக்கு முன்னால் திருப்பூர் பஸ் ஏறினார். போன செமஸ்டர் லீவில் அவர் வேலை பார்க்கிற பிரிண்டிங் யூனிட்டில் நானும் ஒரு மாதம் கை உதவிக்கு நின்றேன்.

அங்கே பார்த்தது இது. அண்ணன் ஸ்கிரீன் போடுவார், மை கலப்பார், நான்கு கலர் டிசைனை மயிரிழை பிசகாமல் மேட்சிங் செய்வார். புதிதாக வந்த பட்டதாரி சூப்பர்வைசர், சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வந்து நிற்பார். ஆனால் சம்பளப் பதிவேட்டில் அண்ணன் இன்னும் ‘ஹெல்பர்’. காரணம், கையில் ஒரு தாளும் இல்லை. நமக்கோ நாளைக்குக் கையில் தாள் இருக்கும், தொழில் இருக்குமா என்பது நமக்கே தெரியும்.

வலைக்குள் இருக்கிற பாடம்

ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிதான். முன்பு பட்டில் கட்டினார்கள், இப்போது பாலியஸ்டர். அதன்மேல் வெளிச்சம் பட்டால் இறுகுகிற எமல்ஷனைப் பூசி, கறுப்பில் டிசைன் எடுத்த பிலிமை வைத்து லைட் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும். கறுப்பு மறைத்த இடம் இளகியே இருக்கும், தண்ணீரில் கழுவினால் போய்விடும். அந்த வழியாக மை இறங்கும். மையைத் தள்ளுகிற ரப்பர் பட்டைக்கு ஸ்குவீஜி என்று பெயர். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன்.

வலைக்கும் கணக்கு உண்டு. 43 டி என்றால் ஒரு சென்டிமீட்டரில் 43 இழை. கண் பெரியது, மை கனமாக இறங்கும், பெரிய எழுத்துக்கு ஏற்றது. மெல்லிய கோடு வேண்டுமானால் 77 டி மாதிரி நெருக்கமான வலை வேண்டும்.

மையிலும் பல ஜாதி. வெளிர் துணிக்குப் பைண்டரில் கலந்த பிக்மென்ட். கறுப்புத் துணியில் வெள்ளை எடுப்பாகத் தெரிய கடி என்கிற கெட்டி மை. ரப்பர் மாதிரி பளபளக்கிற பிளாஸ்டிசால். சூட்டில் உப்புகிற பஃப். பசையை அச்சடித்து அதன்மேல் மினுங்கும் தாளை அழுத்தி எடுக்கிற ஃபாயில். டிஸ்சார்ஜ் என்பது இன்னும் வேடிக்கை. அது மை பூசுவதே இல்லை, துணியில் ஏற்கெனவே ஏறியிருக்கிற சாயத்தைச் சூட்டில் அழித்து அந்த இடத்தை வெளுக்க வைக்கிறது. அதனால்தான் கையால் தடவினால் அச்சு இருப்பதே தெரியாது. அந்த வகையில் வெளுக்கிற சாயம் போட்ட பருத்தித் துணியில் மட்டுமே அது எடுபடும்.

“இப்பத்தான் டி.டி.எஃப். மெஷின் வந்துடுச்சே, இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்கலாம். பிலிமில் அச்சடித்து, பசைத் தூள் தூவி, ஹீட் பிரஸ்ஸில் ஒட்டுகிற முறை அது. ஒன்றிரண்டு சட்டைக்கு அருமையான வழி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்கிரீன் செய்ய 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கலருக்கு 1600. பத்துச் சட்டை அடித்தால் சட்டைக்கு 160 ரூபாய் ஸ்கிரீனுக்கே போய்விடும். இருநூறு சட்டை அடித்தால் வெறும் 8 ரூபாய். எத்தனை பீஸ் என்பதுதான் முறையைத் தீர்மானிக்கிறது. பழசு புதுசு என்பது அடுத்த பேச்சு.

உரிந்து போவது எதனால்?

போன வருஷம் எங்கள் டிபார்ட்மெண்டுக்கு வாங்கிய டி-ஷர்ட் மூன்றாவது துவையலில் தோல் உரிந்தது. அடித்துக் கொடுத்தவர் “மை சரியில்ல தம்பி” என்றார். எனக்கு அது சரியான பதிலாகப் படவில்லை.

பிளாஸ்டிசால் மை என்பது பிளாஸ்டிசைசரில் மிதக்கிற பி.வி.சி. துகள். மேஜையில் எத்தனை நாள் கிடந்தாலும் தானாகக் காயாது. மையின் அடிவரை சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரே படலமாகும். மேலே வெந்து அடியில் வேகாத தோசை மாதிரி நின்றுவிட்டால், துவைக்கும்போது விரிசல் விட்டு உரியும். பைண்டர் போட்ட பிக்மென்ட் மைக்கும் 150 டிகிரி அளவில் சில நிமிஷம் கியூரிங் தேவை.

இங்கேதான் நம் பாடம் வேலைக்கு வருகிறது. கியூரிங் மெஷினில் இருக்கிற மீட்டர் காட்டுவது அடுப்பறையின் சூட்டை. மையின் சூடு வேறு. பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரண நிலையிலேயே எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் என்பது ஜவுளிக்காரர்களின் கணக்கு. ஐப்பசி கார்த்திகையில் நம் கடலூர், சிதம்பரம் பக்கம் அடிக்கிற ஈரக்காற்றில் அது இன்னும் ஏறும். அந்த ஈரம் ஆவியாகிற வரைக்கும் மெஷின் கொடுக்கிற சூட்டை அதுவே தின்றுவிடும். உள்ளுறை வெப்பம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அது இதுதான்! சித்திரையில் சரியாக ஓடிய அதே செட்டிங், அடைமழையில் அச்சை வேகாமல் விடுகிறது. பழி மைக்குப் போகிறது.

இன்னொன்று. நம் ஊர்க் கபடிக் குழுவின் சிவப்பு ஜெர்சியில் அடித்த வெள்ளை நம்பர் நாளடைவில் ரோஸ் கலராவதைக் கவனித்திருப்பீர்கள். பாலியஸ்டர் துணியின் சாயம் அதிகச் சூட்டில் ஆவியாகி மைக்குள் ஏறிவிடுகிறது. பருத்திக்குச் சூடு போதாமல் கெடுகிறது, பாலியஸ்டருக்குச் சூடு கூடிக் கெடுகிறது. அளந்து பார்க்காதவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த யூனிட்டின் கலர் மாஸ்டரிடம் ஒரு நாள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அளவு கேட்டேன். சிரித்தார். “அதெல்லாம் கைப்பக்குவம் கண்ணு. எழுதி வெச்சா வராது” என்றார். அவர் கைப்பக்குவம் பொய் இல்லை. விரல் நுனியில் மையைத் தொட்டே பதம் சொல்கிற மனிதர். ஆனால் அவர் வேலையை விட்டால் அந்தப் பக்குவமும் அவரோடு போய்விடும் என்பதும் நிஜம்.

நம் கடற்கரையில் ஒரு முறை நடந்தது

துணியில் சித்திரம் போடுகிற தொழில் நமக்குத் திருப்பூரிலிருந்து வந்தது இல்லை. கடலூரும் பரங்கிப்பேட்டையும் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் துணி ஏற்றுமதிக்குப் பேர் போன துறைமுகங்கள். கடுக்காயும் எருமைப் பாலும் ஊட்டிய துணியில், படிகாரம் தொட்டு வரைந்து, நம் மணற்பாங்கான கடற்கரையில் விளைகிற சாய வேரில் காய்ச்சினால் ஏறுகிற சிவப்பு, துவைக்கத் துவைக்கப் பிரகாசிக்கும். அந்தத் துணி தாங்காமல் பிரான்ஸ் 1686-லும், இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் போட்டுத் தடுத்தன என்றால் பாருங்கள்!

இதை வரைந்தவர்கள் செய்முறையை எழுதி வைக்கவில்லை. எழுதினவர்கள் வேறு ஆட்கள். 1734 வாக்கில் பொலியு என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு கைவினைஞர் பக்கத்தில் இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை எடுத்துக் குறிப்போடு வைத்தார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் பத்திரமாக இருக்கின்றன. 1742-ல் கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார், தொழில் தெரிந்த நம் ஆட்களிடம் விசாரித்து முழுச் செய்முறையையும் கடிதமாக எழுதி அனுப்பினார். பிரான்சில் தடை 1759-ல் நீங்கியது. 1760-ல் ஓபர்காம்ப் என்பவர் பாரிஸ் அருகே ழூயி என்ற ஊரில் துணி அச்சு ஆலை தொடங்கினார். அந்த நோட்டும் கடிதமும் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுதியவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. வரைந்து காட்டிய அந்தக் கைகளின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியவில்லையே!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மைக் கேலி செய்வார்கள். உண்மைதான். ஆனால் ஏட்டில் ஏறாத சுரைக்காய் அடுத்த போகத்துக்கு விதை தராது என்பதும் உண்மைதானே?

மறுப்பு ஒன்று

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்டார்: “எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு நான் எதுக்குடா அவங்களுக்கு?” நியாயமான கேள்வி. மாஸ்டர்கள் அளவை மறைப்பது கர்வத்தால் இல்லை. அவர்களிடம் இருக்கிற ஒரே முதல் அதுதான். அதனால் நாம் எழுதுவது முதலாளிக்காக இருக்கக் கூடாது. யாருடைய கைப்பக்குவமோ அவர் பெயரை மேலே போட்டு, அவர் கையில் கொடுக்கிற நோட்டாக இருக்க வேண்டும். அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற ஏற்பாடு 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்திலேயே உண்டு. இப்படி ஒன்று இருப்பதைத் தெரிந்து சொல்லவும், படிவம் நிரப்பவும் படித்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும் இல்லையா?

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல இடங்களில் எமல்ஷனோடு இன்னும் பைகுரோமேட் கலக்கிறார்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் வகைக் குரோமியம். அண்ணன் விரல் இடுக்கில் ஆறாத வெடிப்பு இருக்கிறது. கையுறை கேட்டால் “பிடிமானம் வராது” என்கிறார். இதே பைகுரோமேட் தயாரித்த ஆலை ஒன்று ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிக் கிடந்தபோது விட்டுப்போன கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல். மண்ணும் கிணறும் கெட்டன. பைகுரோமேட் சேராத எமல்ஷன்கள் கடையில் கிடைக்கின்றன. டப்பாவின் மேல் இருக்கிற எழுத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் அந்த விரல் பிழைக்கும்.

என்ன செய்யலாம்?

நம் மாணவர் பேரவைக்கு மூன்று யோசனைகள்:

1. அடுத்த ஆண்டு டி-ஷர்ட்டை வெளியே கொடுக்காமல் நம் ஒர்க்‌ஷாப்பிலேயே அடிப்போம். சட்டமும் மேஜையும் செய்யக் கார்பென்டரி பிரிவு இருக்கிறது. லைட் பெட்டி செய்ய எலெக்ட்ரிகல் நண்பர்கள் இருக்கிறார்கள்.

2. சொல்லிக் கொடுக்கத் தொழில் தெரிந்த ஒருவரை அழைப்போம். பார்வையாளராக ஓரத்தில் உட்கார வைக்காமல், விரிவுரையாளருக்குரிய மரியாதையும் சம்பளமும் கொடுத்து அழைப்போம்.

3. ஒரு பதிவு நோட்டு போடுவோம். தேதி, மழையா வெயிலா, துணி, வலை, மை, கலவை அளவு, மையின் சூடு, எத்தனை நிமிஷம் என்று எழுதி, பக்கத்தில் அச்சடித்த துண்டு ஒன்றை ஒட்டுவோம். ஐந்து துவையலுக்குப் பிறகு இன்னொரு துண்டை ஒட்டுவோம். கெட்டுப்போனதையும் மறைக்காமல் ஒட்டுவோம்.

பொலியு செய்தது இவ்வளவுதான் தோழர்களே. அவருக்கு இந்தத் தொழில் அந்நியம். நமக்கு இது அண்ணன் தம்பி செய்கிற தொழில். முதன்முதலாகப் பேனா பிடித்த வீட்டுப் பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர். அந்தப் பேனாவை வேலைக்கு மனுப் போட மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டுக் கைகள் அறிந்ததை எழுதவும் எடுப்போம்!

நோட்டு வாங்குகிற செலவு என்னுடையது. முதல் பக்கத்தில் யார் பெயரைப் போடுவது என்பதைப் பேரவை முடிவு செய்யட்டும்.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், குமராட்சி