வரி குறைந்தது! மானிட்டர் விலை குறைந்ததா?

பரணில் ஒரு பெட்டி கிடக்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் பல வீடுகளில் இதைப் பார்க்கலாம். அது 14 அங்குலக் கலர் டெலிவிஷன் பெட்டி. 2006-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி தமிழக அரசாங்கம் இலவசக் கலர் டெலிவிஷன் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை அது நடந்தது. அப்போது வந்த பெட்டி இது.

அன்று வீட்டுப் பையன் அதில் கேசட் விளையாட்டுப் பெட்டியை மாட்டினான். மீசைக்கார மரியோ குதித்தான். வாத்து பறந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடி விட்டார்கள்!

அந்தப் பையன் இன்று தகப்பன் ஆகி விட்டான். "அப்பா, கம்ப்யூட்டரில் விளையாட மானிட்டர் வாங்கிக் கொடுங்கள்" என்று மகன் கேட்கிறான். அப்பாவுக்கோ பழைய மரியோ மீதும் ஆசை.

ஒரே திரையில் பழைய விளையாட்டும் புதிய விளையாட்டும் நன்றாகத் தெரியுமா? எதை வாங்குவது? மாதச் சம்பளக்காரருக்கு இது சின்னச் செலவு அல்ல. முதலில் வரியைப் பார்ப்போம்.

வரிக் கணக்கு

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி முதல் டெலிவிஷன், மானிட்டர் மீது ஜி.எஸ்.டி. வரி குறைந்தது. 28 சதவீதம் 18 சதவீதம் ஆயிற்று. செய்தி உண்மைதான்.

ஆனால் எல்லா மானிட்டருக்கும் இது பொருந்தாது!

32 அங்குலம் வரை உள்ள திரைகளுக்கு 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதியே வரி 18 சதவீதம் ஆகி விட்டது. 2025-ல் குறைந்தது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்குத்தான்.

இதோ கணக்கு. வரி சேராமல் 20 ஆயிரம் ரூபாய் விலையுள்ள பெரிய திரை என்று வையுங்கள். முன்பு வரி 5,600 ரூபாய். இப்போது 3,600 ரூபாய். மிச்சம் 2 ஆயிரம் ரூபாய்.

மேஜை மேல் வைத்து விளையாடும் மானிட்டர் பெரும்பாலும் 24 அல்லது 27 அங்குலம். அதற்கு இந்த மாற்றத்தால் ஒரு ரூபாய்கூட மிச்சம் இல்லை. "வரி குறைந்ததால் விலை குறைந்தது" என்று யாராவது 24 அங்குல மானிட்டரை விற்றால் நம்ப வேண்டாம். கடைக்காரர் கொடுக்கும் பண்டிகைத் தள்ளுபடி வேறு. வரி வேறு.

வரி குறைந்ததே என்று 40 அங்குலத்துக்குத் தாவுவதும் சரி அல்ல. மேஜைக்கு எதிரே இரண்டு அடி தூரத்தில் உட்காருகிறவனுக்கு அது மிகப் பெரிது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கோலப் புள்ளி ரகசியம்

பழைய விளையாட்டு புதிய திரையில் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

திரையில் தெரியும் படம் எல்லாம் புள்ளிகள்தான். கோலம் போடுகிற பெண்களுக்கு இது நன்றாகப் புரியும். 1985-ல் வந்த சூப்பர் மரியோ படத்தில் குறுக்கே 256 புள்ளி. உயரத்தில் 240 புள்ளி. அவ்வளவுதான். இன்றைய சாதாரண மானிட்டரில் குறுக்கே 1920 புள்ளி. உயரத்தில் 1080 புள்ளி.

240 புள்ளிக் கோலத்தை 1080 புள்ளி இடத்தில் போட வேண்டும். ஒரு புள்ளிக்கு நாலரைப் புள்ளி வருகிறது. அரைப் புள்ளியை எங்கே வைப்பது? திரை இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பங்கு போடுகிறது. படம் குழைகிறது.

உயரத்தில் 1440 புள்ளி உள்ள மானிட்டரில் கணக்குச் சரியாக வருகிறது. ஒன்றுக்கு ஆறு. 2160 புள்ளி உள்ளதில் ஒன்றுக்கு ஒன்பது. ஆனால் விலை அதிகம். 1080 மானிட்டர் வைத்திருப்பவர்கள் வருந்த வேண்டாம். கம்ப்யூட்டரில் பழைய விளையாட்டை ஓட்டும்போது "முழு மடங்கு" என்ற ஏற்பாடு இருக்கும். அதைப் போட்டால் ஒன்றுக்கு நாலு என்று நிற்கும். மேலும் கீழும் சிறு கறுப்புப் பட்டை விழும். படம் பளிச்சென்று இருக்கும்.

இன்னொன்று. பழைய டெலிவிஷன் ஏறக்குறையச் சதுரம். 4 பங்கு அகலம், 3 பங்கு உயரம். புதியது 16-க்கு 9. முழுத் திரைக்கும் இழுத்தால் மரியோ குண்டாகி விடுவான்! இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட வேண்டும். 24 அங்குல மானிட்டரின் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். பட்டை விட்ட பிறகும் படம் கிட்டத்தட்ட 20 அங்குலம் வரும். பழைய 14 அங்குலப் பெட்டியைவிடப் பெரிதுதான்!

வாத்து ஏன் விழவில்லை?

பழைய பெட்டியில் துப்பாக்கியால் வாத்து சுட்ட ஞாபகம் பலருக்கு இருக்கும். அதே துப்பாக்கி புதிய மானிட்டரில் வேலை செய்யாது. ஏன்?

விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுப்பாகும். உடனே வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. பழைய கண்ணாடிக் குழாயில் படம் தாமதம் இல்லாமல் வரும். புதிய திரையில் சற்றுத் தாமதித்து வருகிறது. துப்பாக்கி ஏமாந்து போகிறது.

ஆகவே, பரணில் உள்ள பெட்டி வேலை செய்தால் தூக்கி எறிய வேண்டாம். கேசட் விளையாட்டுக்கு அதுவே நல்ல திரை. செலவும் இல்லை.

ஆனால் ஜாக்கிரதை! பெட்டியின் பின்பக்கத்தைத் திறக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் குழாயில் பல்லாயிரம் வோல்ட் தங்கி நிற்கலாம். பழுதாகி விட்டால் உடைக்கவும் வேண்டாம். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்து இருக்கிறது. மின்னணுக் கழிவு எடுக்கும் பதிவு பெற்ற நிலையத்தில் கொடுக்க வேண்டும்.

கடையில் என்ன கேட்பது?

"144 ஹெர்ட்ஸ்" என்று பெட்டியில் எழுதி இருக்கும். திரை ஒரு வினாடியில் 144 தடவை படத்தை மாற்றும் என்று அர்த்தம். ஓடிப் பிடித்துச் சுடும் புதிய விளையாட்டுக்கு இது நல்லது. ஆனால் கம்ப்யூட்டரில் அத்தனை வேகமாகப் படம் போடும் கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டும். சாதாரண லேப்டாப்பில் அது இராது. மாட்டு வண்டிக்கு விமானச் சக்கரம் எதற்கு? அப்படிப்பட்ட வீட்டுக்கு 60 முதல் 100 ஹெர்ட்ஸ் போதும்.

"ஐ.பி.எஸ்." திரையா என்று கேட்க வேண்டும். குடும்பமாகப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் அதில் நிறம் மாறாது. "டி.என்." திரையில் பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். "வி.ஏ." திரையில் கறுப்பு நிறம் அழுத்தமாக இருக்கும்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள பழைய ஒயர் புதிய மானிட்டரில் நேரடியாகச் சேராது. எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றித் தரும் சிறு பெட்டி வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் மலிவு என்று பலர் பஸ் ஏறுகிறார்கள். போக வரச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். திரை பழுதானால் மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எங்கே வாங்கினாலும் திரையை எரிய விட்டுப் பார்த்து, பில்லும் உத்தரவாதச் சீட்டும் வாங்க வேண்டும்.

விளையாட்டு வேறு, சூது வேறு

பெற்றோர் பயப்படுவது திரையைக் கண்டு அல்ல. பணம் போவதைக் கண்டுதான். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தைப் பார்லிமெண்டு 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. மரியோ குதிப்பது விளையாட்டு. பணம் வைத்து ஆடுவது சூது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது மானிட்டர் வாங்குவதைவிட முக்கியம்.

மானிட்டரை மகன் அறைக்குள் வைக்காமல் கூடத்தில் வைக்கலாம். மகன் என்ன ஆடுகிறான் என்பது அம்மாவுக்கும் தெரியும். பாட்டியும் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் இருந்து பெட்டியை இறக்கி, தூசி தட்டி, அப்பா வாத்து சுடட்டும். பக்கத்தில் புதிய மானிட்டரில் மகன் கார் ஓட்டட்டும்.

யார் ஜெயிப்பது? அதை வீட்டில் உள்ளவர்கள் தீர்மானிக்கட்டும்!