வளைவைப் பார்க்காதே, கணக்கைக் கேள்!

உத்திரமேரூர் ஏரிக்கரையில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? நிமிர்ந்து உட்கார்ந்தால் கால் வலிக்கும். குனிந்தால் வண்டி எளிதாக ஓடும். காற்றுத் தடை என்பது இதுவே. வேகம் இரு மடங்கானால் இத்தடை நான்கு மடங்காகிறது.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், காற்று வழுக்கிச் செல்லும் வடிவம் என்ற பெயரில் அழகிய கார்கள் பல உருவாயின. நம் சமஸ்தான மன்னர்கள் அவற்றை விரும்பி வாங்கினர். இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கருக்காக அமெரிக்க டூசன்பர்க் வண்டி ஒன்றிற்கு இலண்டனில் கர்னி நட்டிங் நிறுவனம் கூடு கட்டியது. 1930களின் நடுவில் உருவான அது கறுப்பும் ஆரஞ்சுமாக மின்னியது. பின்புறம் சாய்ந்து ஒடுங்கியது. ஆனால் முன்புறமோ? நிமிர்ந்து நின்ற ரேடியேட்டர், துருத்திய பெரிய விளக்குகள்! அவை காற்றைக் கிழிப்பவை அல்ல, தடுப்பவை. அந்த ரகத்தின் இயந்திரத்திற்கு 320 குதிரைத் திறன் என்று தயாரிப்பாளர் கூறினர். அவ்வளவு வலிமை இருக்கையில் காற்றைப் பற்றி யாருக்குக் கவலை?

இதற்கு மாறான ஒரு வண்டியையும் பாருங்கள். விமானப் பொறியாளர் எட்மண்ட் ரும்ப்ளர் 1921இல் பெர்லினில் நீர்த்துளி வடிவக் கார் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். பலர் அதன் விநோதத் தோற்றத்தை விரும்பவில்லை. இயந்திரக் கோளாறுகளும் இருந்தன. சுமார் 100 வண்டிகளே தயாராயின. அவற்றில் பல பெர்லின் வீதிகளில் வாடகைக் கார்களாக ஓடின. 1979இல் அதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது தடைக் கெழு 0.28 எனத் தெரிந்தது. இன்றைய கார்கள் பலவற்றுக்கு இணையான அளவு இது!

என் கருத்து இதுதான்: வளைந்த தகடெல்லாம் விஞ்ஞானம் ஆகிவிடாது. அழகை இரசிக்கலாம், தவறில்லை. ஆனால் அழகை விஞ்ஞானம் என்று விற்றால் கேள்வி கேட்க வேண்டும். எவ்வளவு தடை குறைந்தது? எந்த வேகத்தில்? எவ்வளவு எரிபொருள் மிஞ்சியது? ஊருக்கு ஊர் நின்று செல்லும் டவுன் பஸ்ஸுக்கு இவ்வடிவத்தால் பெரும் பயன் இல்லை. நெடுஞ்சாலையில் விரையும் தொலைதூரப் பேருந்துக்கோ நிச்சயம் உண்டு. அதில் மிஞ்சும் டீசல் ஒரு மன்னருக்கல்ல, மக்கள் அனைவருக்கும் மிச்சம். பொறியாளர் ஆக விரும்பும் மாணவர்கள் கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுவே.

நம் ஊர்க் கோயில் சுவரில் பராந்தக சோழர் காலக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்கிறது அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்களுக்கு வைத்த அச்சோதனையை இயந்திரங்களுக்கும் வைப்போமா?