கதவும் காவலும்

பூட்டு தொங்குகிறது கதவிலே. அந்தப் பூட்டைத் தாங்கும் கொண்டியோ, இரண்டே திருகாணியிலே தொங்குகிறது! திருட வருபவன் பூட்டோடு மல்லுக்கு நிற்பதில்லை. கம்பியைக் கொடுத்து ஒரு நெம்பு. பூட்டு பூட்டியபடியே கீழே கிடக்கிறது, வந்தவன் உள்ளே இருக்கிறான்!

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டை அடித்து உருவாக்கும் தொழிலாளியின் கைத்திறனுக்குக் கிடைத்த மரியாதை அது. ஆனால், எத்துணை உறுதியான பூட்டாயினும், உளுத்த கதவிலே மாட்டினால் உறுதி ஏது? ஆகவேதான், பூட்டை மாற்றுமுன் கதவைப் பாருங்கள், கதவோடு நிலையையும் பாருங்கள் என்கிறோம். கொண்டிக்குத் திருகாணி போதாது. மரத்தைத் துளைத்துச் செல்லும் போல்ட்டும், உட்புறம் இறுக்கிய நட்டும் வேண்டும். வாசலுக்கு இரும்புக் கதவு, கொல்லைக்குத் தகரக் கதவா? வாசல் வழியாகத்தான் வருவேன் என்று வருபவன் வாக்குக் கொடுத்திருக்கிறானா?

சாவியை எங்கே வைக்கிறோம்? மீட்டர் பெட்டியின் மேல்! பூந்தொட்டியின் அடியில்! நமக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் என்று நாம் நினைக்கிறோம். தெருவுக்கே தெரிந்த இரகசியம் அது.

"செலவுக்கு எங்கே போவது?" என்று கேட்பார் உழைக்கும் தோழர். நியாயமான கேள்வி. மாடி வீட்டார் கேமரா வைப்பார், காவலாளி வைப்பார். இரவு ஷிப்டுக்குச் செல்லும் தோழரின் வீட்டிலே மனைவியும் மக்களும் தனித்திருக்க, காவல் யார்? அண்டை வீடு! பகலிலும் எரியும் வாசல் விளக்கு, எடுக்கப்படாத பால் பாக்கெட் — இவையெல்லாம் "ஆளில்லை, வரலாம்" என்று திருடனுக்கு அனுப்பும் அழைப்பிதழ். அதைக் கிழித்தெறிய அடுத்த வீட்டுக் கை ஒன்று போதும். காசு வேண்டாம், உறவு வேண்டும்.

வெளியூர் செல்கையில் காவல் நிலையத்திலும் சொல்லிச் செல்லுங்கள். களவு போய்விட்டால் தயங்காதீர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, குற்றம் நடந்த எல்லை எதுவாயினும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் தந்தவர் இலவசமாகப் பெறலாம். கெஞ்சிக் கேட்கும் சலுகை அல்ல அது; நிமிர்ந்து கேட்கும் உரிமை!

ஒன்றை மறவாதீர் தோழர்களே! காவல் வேறு, வெறி வேறு. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்திலே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற குடும்பத்தாரைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று எண்ணித் தாக்கியது வதந்தியை நம்பிய கூட்டம். அறுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். வழியிலே கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தது, அவர் செய்த குற்றம்! இரவிலே வீட்டை உடைத்து வருபவனிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தருகிறது. பிடிபட்டவனைக் கம்பத்திலே கட்டி அடிக்கும் உரிமையை எவருக்கும் தரவில்லை. சந்தேகமா? 100-ஐ அழையுங்கள்; 112-ஐ அழையுங்கள். கல்லை எடுக்காதீர்கள்.

நம் வீட்டைக் காக்கப் புறப்பட்டு, இன்னொரு வீட்டின் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்புவதா வீரம்?

வரும் ஞாயிறன்று திருப்புளியைக் கையில் எடுங்கள். கொல்லைக் கதவிலிருந்து தொடங்குங்கள். வேலை முடிந்ததும், அடுத்த வீட்டுக் கதவையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்!