அமர்ந்திருப்பதும் பயிற்சியா?

குளுவாங் மாவட்டப் போட்டிகளுக்கு அணி திரட்டும்போதெல்லாம் எழும் வினா ஒன்றுண்டு. நான்காம் ஆண்டில் பயிலும் திறமையான மாணவனை உடனே களமிறக்குவதா, ஆறாம் ஆண்டு மாணவனுக்குப் பின்னால் மாற்று ஆட்டக்காரனாக அமர்த்துவதா? "என் பிள்ளை பலகையில் உட்காரவா பயிற்சிக்கு வருகிறான்?" என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு. "மூத்தவர்களைப் பார்த்துக் கற்கட்டுமே" என்று ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் உண்டு. காத்திருப்பு பயன் தரும். ஆனால், வேலையும் முடிவும் உள்ள காத்திருப்பாக அது இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை எடுத்துக்கொள்வோம். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்து உடனே ஆட வைத்தது. 6 ஆட்டங்களில் 2 விக்கெட்டுகளே கிடைத்தன. அடுத்து ஐதராபாத் அணிக்குச் சென்றவர், 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. ஆயினும் அவர் சும்மா இருக்கவில்லை. அவ்வணியின் பந்துவீச்சுப் பயிற்றுநர் முத்தையா முரளிதரன். மூத்த வீச்சாளர் புவனேஷ்வர் குமார். தமிழ்நாட்டு அணிக்காகவும் அக்காலத்தில் ஆடினார். 2020இல் 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அவ்வாண்டு இறுதியில் ஆஸ்திரேலியப் பயணத்திற்கு முதலில் வலைப்பயிற்சி வீச்சாளராகத் தேர்வானவர், 2021 ஜனவரிக்குள் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டார்.

மறுபக்கமும் உண்டு. சென்னையைச் சேர்ந்த தினேஷ் கார்த்திக் 2004 நவம்பரில், தோனிக்கு முன்பே, டெஸ்ட் அணியில் இடம்பெற்றார். 2005 இறுதியில் தோனி வந்தபின், இருக்கும் ஒரே விக்கெட் காப்பாளர் இடம் அவருக்கே உரியதாயிற்று. 2010க்கும் 2018க்கும் இடையே இந்தியா ஆடிய 87 டெஸ்ட் ஆட்டங்களில் கார்த்திக்குக் களம் கிடைக்கவில்லை. திறமை இருந்தது, 'உன் முறை எப்போது' என்பதற்கு விடைதான் இல்லை.

அமெரிக்கக் காற்பந்திலும் இவ்விவாதம் ஓயாதது. அங்கே ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். பேட்ரிக் மஹோம்ஸ் 2017இல் மூத்தவரான அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் அமர்ந்து, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மட்டும் இறங்கினார்; மறு ஆண்டே லீக்கின் சிறந்த ஆட்டக்காரரானார். பெய்டன் மானிங்கோ 1998இல் முதல் ஆட்டத்திலிருந்தே ஆடினார். அவர் எறிந்த 28 பந்துகளை எதிரணியினர் பறித்தனர். அவர் அணி 16இல் 3 ஆட்டங்களையே வென்றது. பின்னாளில் அவரும் பெரும்புகழ் பெற்றார். ஆகவே, இரண்டில் ஒன்றை விதியாக்க இயலாது.

நடராஜன் இரண்டு ஆண்டுகள் காத்திருக்கலாம். அவர் வளர்ந்த மனிதர். தொடக்கப்பள்ளியிலோ நான்கு, ஐந்து, ஆறு என மூன்று ஆண்டுகளே உள்ளன. சிம்பாங் ரெங்கம் போன்ற சிற்றூரில் ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுகளைப் பலகையில் கழிப்பது, அவன் வாய்ப்பில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதாகும்.

எனவே அமர்த்தும்போது மூன்றைச் செய்வோம். முதலாவது, அவனுக்கு ஒரு வேலை கொடுப்போம்: மூத்தவன் எங்கே நிற்கிறான், எப்போது பந்தைக் கொடுக்கிறான் என்று கவனித்து, இடைவேளையில் சொல்லட்டும். இரண்டாவது, ஒவ்வோர் ஆட்டத்திலும் சில நிமிடங்களாவது அவனை இறக்குவோம். தோல்வி உறுதியான பின் மட்டுமன்று. மூன்றாவது, அவன் முறை எப்போது வரும் என்பதைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்வோம். சொன்ன சொல்லைக் காப்போம்.

மூத்த மாணவனுக்கும் ஒரு சொல்: தம்பிக்குக் கற்றுக்கொடுப்பது உன் இடத்தைப் பறிகொடுப்பதாகாது. கோப்பை ஓராண்டில் கைமாறும். கற்றுக்கொடுக்கும் பழக்கம் பள்ளியில் நிலைக்கும்.