அப்பாவின் கை ஏன் சீப்பானது?

"ஏன்டா, அப்பா கையைத் தூக்குனா சீப்புப் பல்லு மாதிரி பிரிஞ்சு தெரியுது?" என்று போனில் அம்மா கேட்டார்.

2004-ல் திருக்கடையூரில் நடந்த அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ. அப்பா இப்போது இல்லை. அவர் நடப்பதும் சிரிப்பதும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் மிச்சம். இங்கே நாக்பூரில் ஒரு கடையில் டிவிடியைக் கொடுத்து, பெரிய டிவிக்கு ஏற்ற மாதிரி மாற்றி வாங்கி, ஊருக்கும் அனுப்பியிருந்தேன். காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டது என்பார்களே, அதேதான்.

நம்ம ஊர் பழைய வீடியோ எல்லாம் பால் முறை. நொடிக்கு 25 படம். ஆனால் ஒவ்வொரு படமும் இரண்டு பாதி. ஒன்று விட்டு ஒன்றாக வரும் கோடுகளில் ஒரு பாதி முதலில், மறு பாதி 1/50 நொடி தள்ளி. குண்டு டிவி அப்படியே வரைந்தது, வம்பில்லை. இரண்டையும் ஒரே படமாக ஒட்டிக் காட்டினால் அசைகிற இடமெல்லாம் சீப்பு. கடைக்காரர் பாதிகளைப் பிரிக்காமலேயே 576 கோட்டை 1080 ஆக இழுத்துவிட்டார். கோடுகள் குழைந்த பிறகு எந்த ஃபில்டரும் உதவாது. மாவில் கரைந்த உப்பு. முதலில் பிரி, பிறகு பெரிதாக்கு. இந்த வரிசை மாறவே கூடாது.

நல்லவேளை, டிவிடி பத்திரமாக இருந்தது. எஃப்எஃப்எம்பெக்கின் கறுப்பு ஜன்னல் முன்னால் நானே உட்கார்ந்தேன். யாடிஃப் ஃபில்டரை மோட் 1-ல் போட்டால் நொடிக்கு 50 படம் வரும். வந்தது. சீப்பும் போனது. ஆனால் அப்பா ஓரடி முன்னால், அரையடி பின்னால் என்று தேர் மாதிரி ஆடி ஆடி வந்தார்! பிடபிள்யூடிஃப் போட்டேன், அதே ஆட்டம். மூன்று ராத்திரி போனது (வீட்டம்மா பேசுவதை நிறுத்தியது தனிக்கதை).

கோளாறு ஃபில்டரில் இல்லை. ஐடெட் என்று ஒன்று இருக்கிறது. படத்தையே பார்த்து எந்தப் பாதி முந்தி என்று எண்ணிச் சொல்லும். ஏறக்குறைய எல்லாமே கீழ்ப்பாதி முந்தி என்றது. டிவிடியின் குறிப்போ மேல்பாதி முந்தி என்கிறது. பால் டிவி டேப்பில் எப்போதும் கீழ்ப்பாதிதான் முந்தி. டிவிடி எழுதியவர் குறிப்பை மாற்றிப் போட்டிருக்க வேண்டும். ஃபில்டர் குறிப்பை நம்பியது. பற்றை வரவில் எழுதினால் எத்தனை முறை கூட்டினாலும் டேலி ஆகுமா? பாரிட்டியை பிஎஃப்எஃப் என்று கையால் கொடுத்தேன். அப்பா நேராக நடந்தார்.

என் கட்சி இதுதான்: ஃபைல் சின்னதாகும் என்று 50-ஐ 25 ஆக்காதீர்கள், பாதி அசைவு போய்விடும். ஏஐ-யில் பளபளப்பாக்கித் தருகிறேன் என்பவரிடம் முகங்களைக் கொடுக்காதீர்கள். ஒரு சாம்பிள் பார்த்தேன், என் சித்தப்பா யாரோ ஆகிவிட்டார். எதைச் செய்தாலும் மூல டிவிடியின் நகல் தொடாமல் தனியே இருக்கட்டும். டேலி ஆன பிறகு வவுச்சரைக் கிழிக்கிற ஆள் எங்கள் பிராஞ்சில் கிடையாது.

புதிய ஃபைலைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னது: "இப்ப நல்லா இருக்கு. ஆனா நாதஸ்வரம் கம்மியா கேக்குதே?"

அது அடுத்த ஞாயிறு வேலை.