அகராதியும் நகாராவும்

ஒரு பாஷை நலிகிறது என்றால் உடனே அகராதி போடு, ஒலிநாடாவில் பிடி என்கிறார்கள். நம் எழுத்தாள நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். சேகரித்தாகிவிட்டதும் கடமை தீர்ந்தது. ஆட்டமும் பாட்டும் குடியரசு தின ஊர்வலத்துக்கு. இதைப் பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முண்டாரிக்கு அகராதிப் பஞ்சம் இருந்ததில்லை. ஜெர்மன் பாதிரியார் ஹாஃப்மனின் 'என்சைக்ளோபீடியா முண்டாரிகா' 1930லிருந்து பல தொகுதிகளாக வந்தது. அசுர உழைப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் பாங்கு குமாஸ்தாவாக எனக்கு ஒன்று தெரியும். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கை முடங்கியது என்று ஒதுக்கிவிடுகிறோம். பணம் பைசா குறையாமல் இருக்கும். கணக்கு மட்டும் நடக்காது.

ராம் தயாள் முண்டா (1939–2011) இதை உணர்ந்த மொழியியலாளர்; தாமே முண்டா. சிகாகோவில் டாக்டர் பட்டம் பெற்று, மினசோட்டாவில் கற்பித்துவிட்டு, 1980களின் தொடக்கத்தில் ராஞ்சி திரும்பினார். பல்கலைக்கழகத்தில் பழங்குடி, வட்டார மொழிகளுக்கென்று துறையை உருவாக்கினார். அதோடு நிற்கவில்லை. கிராமத்தில் ஆடிப் பாடும் திடலான 'அக்ரா'வைத் துறை வளாகத்துக்கே கொண்டுவந்தார். துணைவேந்தர் நாற்காலியில் உட்கார்ந்தவர் நகாராவும் அடித்தார்.

இது பழமை ஏக்கம், நவீன பிரக்ஞைக்கு விரோதம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். முண்டாக்களிடம் ஒரு சொலவடை உண்டு: நடையே ஆட்டம், பேச்சே பாட்டு. இதை அலங்காரமாகப் படிப்பவர்களுக்கு விஷயம் பிடிபடவில்லை. ஜதுர் பாட்டு சால் மரம் பூக்கும் பருவத்துக்கு. கரம் பாட்டு மழைக்காலத்துக்கு. பருவத்தையும் காலடியையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது பாட்டின் உருவம்கூட அல்ல, அதன் சொற்பட்டியல்.

அரசாங்கம் அவருக்கு 2007ல் சங்கீத நாடக அகாதமி விருதும் 2010ல் பத்மஸ்ரீயும் கொடுத்தது. ஆனால் 2003ல் சந்தாலியைச் சேர்த்துக்கொண்ட எட்டாவது அட்டவணையில், பத்து லட்சம் பேருக்கு மேல் பேசும் முண்டாரிக்கு இன்னும் இடமில்லை. ஆடு, பேசாதே என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்?

அச்சில் வந்தால்தான் இலக்கியம் என்று நம்பும் நம் விமர்சனமும் அதே கட்சிதான். அது மொழியை வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தள்ளுகிறது, அவ்வளவே வித்தியாசம். பழங்குடிப் பாடல் மொழிபெயர்ப்புகளை ஆசையோடு வெளியிடும் சிறுபத்திரிகைகள், ஒவ்வொன்றும் எந்தப் பருவத்தில், எந்த ஆட்டத்துக்குப் பாடப்பட்டது என்பதையாவது கூடவே அச்சிடட்டும். அதற்கு இடமில்லை என்றால் பாடலுக்கும் இடம் தரவேண்டாம்.